கொடையா, கடனா?

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு ஆனையிறவு. இருபுறமும் கடல்நீரேரி, நடுவே ஏ-9 வீதியும் புகையிரதப் பாதையும், வெயில் ஏறினால் கண் கூசும் உப்புவெளி. 1991இலும் 2000இலும் 2009இலும் இந்த நிலத்துண்டுக்காக நடந்த சமர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. 1991ஆம் ஆண்டுச் சமரில் சிதைந்த புல்டோசர் ஒன்று வீதியோரத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. தீவின் வடிவத்தைக் கைகள் ஏந்தி நிற்கும் வெற்றிச் சின்னமும் அங்கேயே இருக்கிறது. சுற்றுலா வருவோர் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு மீண்டும் பஸ்ஸில் ஏறிவிடுகின்றனர்.

வீதியை விட்டு உள்ளே இறங்கினால் தட்டுவன்கொட்டி, உமையாள்புரம், அப்பால் பரந்தன், கண்டாவளை, தருமபுரம், விசுவமடு என்று குடியிருப்புகள் தொடர்கின்றன. இங்குள்ள குடும்பங்களிற் பெரும்பாலானவை பல முறை இடம்பெயர்ந்தவை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது எஞ்சிய உயிர்களோடு செட்டிகுளத்து மனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டு, பின்னர் வெறுங்காணிக்குத் திரும்பியவை. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள் இக்குடியிருப்புகளைச் சேர்ந்தது. சமரோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய விஷயம். ஒரு மாதர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் வந்து விழும் ஒரு சிறுமானியம்தான் அது.

இத்தகைய மானியங்கள் எவ்வாறு வருகின்றன என்பதை வாசகர் பலர் அறிவர். கொழும்பிலோ கடல் கடந்தோ உள்ள ஒரு நிதியம், நலிவுற்றோருக்குத் துணை நிற்றல், பால்நிலை சார்ந்த வன்முறையைத் தடுத்தல் என்ற தலைப்புகளில் விண்ணப்பம் கோருகிறது. பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கென ஐக்கிய நாடுகள் அமைத்த நிதியம் 1996 முதல் இயங்கிவருகிறது. 2004இல் தெற்காசியப் பெண்கள் நிதியம் என்ற பெயரில் தோன்றி, இன்று ஆசியப் பெண்கள் நிதியமாக விரிந்திருக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. இவை போன்றன வேறும் உள. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, துணையை இழந்த பெண்களின் ஒன்றியமோ, மாற்றுத்திறனாளிகளின் சங்கமோ விண்ணப்பிக்கிறது. சில இலட்சம் ரூபா, ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ, தவணை முறையில் வருகிறது. அதிலிருந்து கருத்தரங்கு நடக்கிறது. வீதி நாடகம் போடப்படுகிறது. அடிபட்டு வந்தவளுக்கு நீதிமன்றம் போய்வரப் பஸ் கூலி கொடுக்கப்படுகிறது. கைவிடப்பட்ட முதியவருக்குத் தறப்பாளோ அரிசியோ வாங்கப்படுகிறது.

இந்தப் பணத்தை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதே நம்முடைய கேள்வி. கொடுப்போர் இதனைக் கொடை என்கின்றனர். பெறுவோரும் அப்படியே சொல்லி நன்றி தெரிவிக்கின்றனர். கொடையென்றால் கொடுத்தவன் உயர்ந்தவன், பெற்றவள் தாழ்ந்தவள் என்ற நிலை தானாகவே வந்துவிடுகிறது. தமிழிலோ கடன் என்ற ஒரு சொல் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பணத்துக்கும் அதுவே பெயர். செய்யவேண்டிய கடமைக்கும் அதுவே பெயர். இரண்டையும் ஒரே சொல்லால் நம் முன்னோர் குறித்ததில் ஆழ்ந்த பொருள் உண்டென்று நாம் கருதுகிறோம். ஒருவர் தம் கடமையைச் செய்யும்போது, தாம் ஏற்கெனவே பட்டிருந்த கடனைத் தீர்க்கிறாரேயன்றி உபகாரம் எதுவும் செய்துவிடவில்லை. வள்ளுவரும் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையை வேறோர் அதிகாரமாகவும் வகுத்தார். ஒப்புரவையே முன்னால் வைத்தார். ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடமையாகப் பகிர்வது ஒப்புரவு. இல்லாதவன் கையேந்த இருப்பவன் இடுவது ஈகை. இரத்தலின் இழிவை அஞ்சுவதற்கென்றே தனியாக ஓர் அதிகாரமும் எழுதி வைத்தார் அவர். ஆனையிறவின் மாதர் சங்கத்துக்கு வரும் பணம் இவற்றுள் எதனைச் சேர்ந்தது?

வன்னிப் பெண்களுக்குக் கடன் என்றவுடன் நினைவுக்கு வருவது வேறொன்று. யுத்தம் முடிந்து வீதி திறந்தபோது வீதி வழியே முதலில் வந்தவர்களுள் நுண்கடன் நிறுவனங்களின் உத்தியோகத்தரும் இருந்தனர். வீடு இல்லை, தொழில் இல்லை, தாலியை அடகு வைத்துத் தீர்ந்துவிட்டது என்ற நிலையில் இருந்த பெண்களை ஐந்தைந்து பேராகக் குழு சேர்த்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும் என்ற ஏற்பாட்டில் கடன் கொடுத்தனர். நுண்கடனுக்கு மத்திய வங்கி விதித்த உச்சவரம்பே ஆண்டுக்கு 35 வீதமென்றால், வரம்பு வருமுன் இருந்த நிலையை நாம் விளக்கவேண்டியதில்லை. கிழமை தோறும் வசூல். வசூலுக்கு வருபவன் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வான். பணம் வரும்வரை எழுந்திருக்கமாட்டான். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போகோஸ்லாவ்ஸ்கி, கடன் வசூலிப்போர் சிலர் தவணைக்குப் பதிலாகப் பெண்களிடம் பாலியல் இணக்கத்தைக் கேட்டு நெருக்கியதையும் தம் அறிக்கையில் குறித்தார். அதே ஆண்டில் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுக்க நேர்ந்தது.

இதிலே கவனிக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. அயல்வீட்டுப் பெண்கள் ஐவர் ஒன்றாய் இருப்பது நம் கிராமங்களின் பழைய செல்வம். ஒருத்தி பிள்ளை பெற்றால் மற்றவள் சோறு கொண்டுபோவாள். ஒருத்தி அழுதால் மற்றவள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள். நிதி மூலதனம் அந்த அயலுறவையே பிணையாக எழுதி வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரி காவற்காரியானாள். தவணை தவறியவளின் வீட்டு வாசலில் முதலில் வந்து நின்று ஏசியவள் கடன் நிறுவனத்தின் ஆளல்லள். அவளோடு ஒரே முகாமில் ஒரே கூடாரத்தில் படுத்தெழும்பியவள். அடிக்கிற கணவனைப் பற்றி இனி அவளிடம் போய் யார் சொல்வது? பெண்கள் மீதான வன்முறைக்குக் குடியும் கோபமும் காரணம் என்று மேடையில் பேசுவோர், அந்த வீட்டின் சுவரில் தொங்கும் கடன் அட்டையையும் ஒருதரம் புரட்டிப் பார்க்கவேண்டும்.

சிறுமானியமும் அதே ஐந்து பெண்களையே தேடி வருகிறது. இங்கேதான் அதன் பெறுமதியையும் அபாயத்தையும் ஒருசேரக் காண்கிறோம். நன்றாகப் பயன்பட்டால், கடனால் முறிந்த அயலுறவை அது மீண்டும் ஒட்டவைக்கும். காவற்காரியாக்கப்பட்டவளை மறுபடி அயலவளாக்கும். தவறாகப் பயன்பட்டால், கடன் நிறுவனம் பணத்துக்குச் செய்ததையே இது துயரத்துக்குச் செய்துவிடும்.

எப்படியென்று சொல்கிறோம். மானியம் பெற்ற சங்கம் கணக்குக் காட்டவேண்டும். இதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஊர்ப்பணத்துக்குக் கணக்கில்லாமல் அழிந்த சங்கங்களை நாம் எல்லாரும் அறிவோம். தேநீருக்கு எவ்வளவு, மண்டபத்துக்கு எவ்வளவு, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்பது நியாயம். ஆனால் கேள்வி அத்தோடு நிற்பதில்லை. எத்தனை பெண்கள் பயனடைந்தனர்? பெயர் என்ன? கையொப்பம் எங்கே? ஒருத்தியின் கதையை விரிவாக எழுதியனுப்ப முடியுமா? படம் உண்டா? நிதியத்தின் அலுவலகத்திலே உட்கார்ந்து இதைக் கேட்பவர் கெட்டவர் அல்லர். அவருக்கு மேல் ஒருவர் இருக்கிறார். அந்த மேலவருக்குத் தம் நாட்டு வரி செலுத்துவோரிடம் சொல்ல ஒரு கதை தேவைப்படுகிறது. இப்படிப் படிப்படியாக மேலேறும் கேள்வி, இறங்கும்போது தட்டுவன்கொட்டியில் ஒரு குடிசையின் வாசலில் வந்து நிற்கிறது. நானூறு குடும்பங்கள் வாழும் ஊரிலே, வன்முறைக்கு ஆளானோர் பட்டியல் என்று தலைப்பிட்ட ஒரு தாளில் கையொப்பம் இடுமாறு ஒரு பெண்ணைக் கேட்பதன் பொருள் என்ன என்பதை அத்தாளை அச்சிட்டவர் எண்ணிப் பார்த்ததில்லை.

பயனாளி என்ற சொல்லே நமக்கு உவப்பாயில்லை. அடி வாங்கியவளுக்கு நீதிமன்றம் போகப் பஸ் கூலி கிடைத்தால் அவள் பயனடைந்தவளாகிறாளா? அவளுக்குச் சேரவேண்டியதில் நூற்றிலொரு பங்கு தாமதித்துச் சேர்ந்தது, அவ்வளவே.

ஆகவே இரண்டு கணக்குகளையும் பிரித்தாக வேண்டும் என்பது நம்முடைய நிலைப்பாடு. பணத்தின் கணக்கு எல்லாருக்கும் உரியது. துயரத்தின் கணக்கு அதை அனுபவித்தவளுக்கு மட்டுமே உரியது. கொடுத்தவன் கடமையைச் செய்தவனே என்றால், தான் கொடுத்ததற்கு ஈடாகப் பெண்ணின் கதையைக் கேட்க அவனுக்கு உரிமை இல்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பவன், கடன்காரியிடம் நீ இதை எப்படிச் செலவழிக்கிறாய், உன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பதுண்டா?

இதற்கு ஒரு மறுப்பு எழும். தடுப்புப் பணி வெற்றி பெற்றதா இல்லையா என்பதை எண்ணிக்கையில்லாமல் எப்படி அறிவது? நியாயமான கேள்விதான், ஆனால் இங்கே எண்ணிக்கை நம்மை ஏமாற்றும். நிகழாமற் போன ஓர் அடியை எந்தப் பதிவேட்டில் எழுத முடியும்? இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடளாவிய முறையில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, கணவனோடோ துணைவனோடோ வாழ்ந்த பெண்களில் ஐவருக்கு ஒருவர் அவன் கையாலேயே உடல்வழி அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று கண்டது. பொலிஸ் நிலையங்களின் முறைப்பாட்டுப் புத்தகங்களில் இந்த ஐவருக்கு ஒருவர் இல்லை. வெட்கத்தாலும் பயத்தாலும் பிள்ளைகளை எண்ணியும் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஓர் ஊரிலே மாதர் சங்கம் நன்றாக வேலை செய்தால் முதலாண்டில் முறைப்பாடுகள் கூடும். ஏனெனில் பேசத் துணிவு வந்துவிட்டது. அறிக்கையைப் படிப்பவரோ வன்முறை கூடிவிட்டது, பணம் வீணாயிற்று என்று எண்ணுவார். முறைப்பாடே வராத ஊர் அவருக்கு அமைதியான ஊராகத் தோன்றும்.

இன்னொரு மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. அதற்குத்தான் நாம் கூடுதலாகப் பதில் சொல்லவேண்டியவர்களாக இருக்கிறோம். மானியங்கள் மக்களின் போராட்டக் குணத்தை மழுங்கடிக்கின்றன. அரசு செய்யவேண்டியதைத் தொண்டு நிறுவனங்கள் செய்வதால் அரசு தப்பித்துக்கொள்கிறது. ஊர்வலம் போகவேண்டியவர்கள் பயிற்சிப்பட்டறைக்குப் போகிறார்கள் என்று இடதுசாரி நண்பர்கள் சொல்கின்றனர். இதில் பெரும்பகுதி உண்மை. நிதி கொடுப்பவனுக்குப் பிடிக்காத அரசியலைப் பேசினால் நிதி நிற்கும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களும் குடியேறிய பெண்களும் பழங்குடிப் பெண்களும் வன்முறைக்கு எதிராக அமைத்த இன்சைட் என்ற இயக்கத்துக்கு ஒரு இலட்சம் டொலர் தருவதாகச் சொன்ன போர்ட் நிறுவனம், அவ்வியக்கம் பாலஸ்தீன விடுதலையை ஆதரித்து நின்றதை அறிந்து 2004இல் அதனை மீளப்பெற்றது. நம் நாட்டிலும் கொழும்பு வேறுவிதமாக அதே காரியத்தைச் செய்தது. யுத்தம் முடிந்த முதலாண்டுகளில் வடக்கில் எந்தத் திட்டத்துக்கும் ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. கிணறு வெட்டலாம், கோழிக்குஞ்சு கொடுக்கலாம், உளவளத் துணைப் பணிக்கு மட்டும் அனுமதி கிடைப்பது அரிதாயிருந்தது. பிள்ளையை இழந்த தாய்க்குக் கோழி வளர்க்க உரிமை இருந்தது. வாய்விட்டு அழுவதற்கு அனுமதிப் பத்திரம் கிடைக்கவில்லை.

ஆயினும், இதைச் சொல்லும் நாம் நம் வரலாற்றையும் திரும்பிப் பார்க்கவேண்டும். 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராக நடந்த ஊர்வலத்தைப் பெருமையோடு நினைவுகூருகிறோம். தேநீர்க் கடையின் மூக்குப் பேணியும் கோயிலின் கதவும் ஊர்ப் பிரச்சினைகளே, கடைக்காரனின் சொந்த விவகாரம் அல்ல என்று அன்று நிலைநாட்டியவர்கள் நாம். அந்த ஊர்வலத்தில் போய்த் திரும்பிய தோழர்களின் வீடுகளில் இரவு என்ன நடந்தது என்று எவரும் கேட்டதில்லை. அது குடும்ப விவகாரம் என்று விடப்பட்டது. குடும்பத்தில் ஆண் முதலாளி வர்க்கத்தின் இடத்திலும் பெண் பாட்டாளியின் இடத்திலும் இருக்கிறார்கள் என்ற கருத்தை 1884ஆம் ஆண்டிலேயே எங்கெல்ஸ் எழுதிவைத்ததை நாம் வகுப்பெடுத்தோம். வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுபோகவில்லை.

பின்னர் ஆயுதத்தின் காலம் வந்தது. இயக்கத்தின் ஆட்சியில் வன்னியில் பெண்கள் இரவிலும் தனியே நடமாடினர், மனைவியை அடிப்பவன் அஞ்சினான் என்று இன்றும் பல பெண்கள் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் சொல்வதைப் பொய்யென்று நாம் தள்ளவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு, பாதுகாக்கப்படுவோரின் கையில் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1980களின் இறுதியில் ராஜனி திராணகமவும் அவருடைய தோழியரும் சேர்ந்து பூரணி என்ற பெண்கள் இல்லத்தை நடத்தினர். துவக்கு ஏந்தியவர் எவரிடமும் அனுமதி கேட்காமல், சிதைந்த பெண்களுக்குப் பெண்களே கூரையாக நின்ற முயற்சி அது. ராஜனி 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இல்லமும் நெடுநாள் சுயாதீனமாக நிலைக்க முடியவில்லை. இயக்கத்தின் துவக்கு 2009இல் ஓய்ந்தபோது அதன் நிழலில் இருந்த பாதுகாப்பும் ஒரே நாளில் மறைந்தது. எஞ்சியது ஒருவரையொருவர் காக்கும் பழக்கம் இல்லாத ஊர். அதனைச் சுற்றி இராணுவ முகாம்கள்.

இந்த நிலையில், சமுதாயம் மாறட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்வோருக்கு ஓர் உதாரணம் வைக்கிறோம். ஆனையிறவுக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கு உண்டு. நீதவானிடம் விண்ணப்பித்தால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். விசாரணைக்குப் பின் பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லும் கட்டளையும் பெறலாம். மகளிர் அமைச்சின் 1938 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் உண்டு. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் உண்டு. எல்லாம் உண்டு, பெரும்பாலானவை காலை எட்டரை மணிக்குப் பிறகு, கிளிநொச்சியில்.  கிளிநொச்சிக்குப் போக ஏறக்குறைய பதினைந்து கிலோமீற்றர் கடக்க வேண்டும். இரவு பத்து மணிக்கும் காலை எட்டரை மணிக்கும் இடையிலுள்ள பத்தரை மணி நேரத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது கதவு திறக்கும் ஒரு வீடு, பிள்ளைகளுக்கு ஒரு பாய், விடியற்காலையில் முச்சக்கரவண்டிக்குக் கூலி. சிறுமானியம் சரியாகப் பயன்படுமிடம் இதுவே. பெரிய நிதி பெரிய கட்டிடத்தைக் கட்டும். பத்தரை மணி நேரத்துக்கு அதனால் வர முடியாது.

அவள் விட்டு வெளியேறிய வீடு யாருடையது என்பதையும் கேட்கவேண்டும். வடக்கின் தமிழரை ஆளும் தேசவழமைப்படி சீதனமாக வந்த வீடு பெரும்பாலும் அவளுடையதே. ஆயினும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அந்த அசையாச் சொத்தை அவளால் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் போட்ட பூட்டு அது. வன்னியின் குடியேற்றத் திட்டங்களிலோ காணி அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டது. அனுமதிக்காணியின் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு முதலிடம் கொடுத்த விதி 2022இல்தான் திருத்தப்பட்டது. கணவன் மனைவிமேல் நிகழ்த்தும் வல்லுறவோ, நீதிமன்றத்தால் அவர்கள் பிரித்துவைக்கப்பட்டிருந்தாலன்றி இன்றுவரை நம் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றமே அன்று. சிறுமானியம் இவற்றை மாற்றாது. மாற்றும் என்று எவரேனும் முன்மொழிவில் எழுதினால் அது பொய். ஆனால் இரவில் கதவு திறந்துவிடப்பட்ட பெண்ணே பின்னொரு நாள் பகலில் வந்து இந்தச் சட்டங்களைப் பற்றிக் கேள்வி கேட்பாள். கதவு திறக்கப்படாதவள் கேட்கப்போவதில்லை. பல சமயங்களில் உயிரோடு இருக்கப்போவதுமில்லை.

பாதுகாப்புக்கும் கூலிக்கும் உள்ள உறவை ஆனையிறவே காட்டுகிறது. யுத்தத்துக்கு முன் நாட்டின் மிகப் பெரிய உப்பளங்களுள் ஒன்று இங்கிருந்தது, யுத்தத்தில் அழிந்தது, பின்னர் படிப்படியாகப் புத்துயிர் பெற்று, 2025 மார்ச் மாதத்தில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அந்த உப்புக்கு எந்தப் பெயரிடுவது என்று எழுந்த விவாதத்தைப் பத்திரிகைகள் விரிவாக வெளியிட்டன. அதே ஆண்டு மே மாதத்தில் அங்குள்ள தொழிலாளர் தம் உரிமைகளைக் கோரிப் போராட்டத்தில் இறங்கினர். உப்பின் பெயருக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது, அதை அள்ளும் கையின் கூலிக்குக் கிடைத்ததா? தன் கூலியைத் தன் கையில் பெறும் பெண், அடிப்பவனை விட்டு விலகத் துணிவாள். அந்தக் கூலியைக் கேட்டுப் போராட ஒரு சங்கம் வேண்டும். மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே வீதியின் இருபுறமும் இயங்கும் காலம் நீடிக்கக்கூடாது. இடதுசாரிகளாகிய நாம் செய்யக்கூடிய வேலை, மானியத்தை ஏளனம் செய்வதைவிட, இதில் அதிகம் இருக்கிறது.

மானியம் நிலையற்றது என்பதை 2025ஆம் ஆண்டு எல்லாருக்கும் காட்டிவிட்டது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி இட்ட ஒரு கையொப்பத்தால் அந்நாட்டின் வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டது. ஜூலை முதலாம் நாள் யூஎஸ்எயிட் நிறுவனமே இயங்காமற் போயிற்று. இலங்கையிலும் வேலைகள் நடுவழியில் நின்றன. வாஷிங்டனில் இட்ட கையொப்பத்துக்கும் வன்னியில் அடைபட்ட கதவுக்கும் இடையே கோடு போட்டுப் பார்க்கும்போதுதான் கொடை என்ற சொல்லின் உண்மையான பொருள் விளங்குகிறது. விரும்பினால் கொடுப்பது கொடை. விரும்பாவிட்டால் நிறுத்தலாம். கடனை அப்படி நிறுத்த முடியாது. யுத்தத்துக்கு வரி வாங்கிச் செலவழித்த அரசும், வன்னி எரிந்துகொண்டிருந்தபோது பார்த்துக்கொண்டிருந்த உலகமும், வெளிநாட்டில் இருந்து பணம் சேர்த்தனுப்பிய தமிழர்களும், ஊரில் வாய்மூடி இருந்த நாமும் அந்தப் பெண்களுக்குக் கடன்பட்டவர்கள். பங்குகள் சமமல்ல; அரசின் பங்கே மிகப் பெரிது. மிகப் பெரிய கடனாளி நழுவிப்போக, சிறிய கடனாளிகள் கொடையாளி வேடம் பூணுவதுதான் இன்றைய காட்சி. 2024இல் பெண்கள் வலுவூட்டல் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்படி அமையும் தேசிய ஆணைக்குழு வருடாந்தம் எவ்வளவு பணத்தை ஆனையிறவு வரை அனுப்புகிறது என்று ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்கவேண்டும்; பாராளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது கேட்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வேறொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. இரவு நித்திரை இல்லாமல் வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளையை முதலில் காண்பவர் ஆசிரியர். பிரம்பை எடுக்குமுன் காரணத்தைக் கேட்கலாம். பல்கலைக்கழக மாணவர் பட்ட ஆய்வுக்காக வினாக்கொத்தோடு வன்னிக்கு வருகின்றனர். ஒரே பெண்ணிடம் நிதியத்தின் உத்தியோகத்தரும், பத்திரிகையாளரும், மாணவரும் மாறி மாறி அதே இரவைப் பற்றிக் கேட்கின்றனர். அவள் ஒவ்வொரு முறையும் அந்த இரவுக்குத் திரும்பிப்போய் வருகிறாள். கேட்டவர்களுக்குப் பட்டம் கிடைக்கிறது, செய்தி கிடைக்கிறது, அடுத்த தவணை கிடைக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதும் நாமும் அந்த வரிசையில் நிற்கிறோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எந்தப் பெண்ணின் கதையையும் இங்கே எழுதாமல் விட்டதற்கு அதுவே காரணம்.

நடைமுறையில் செய்யக்கூடியது எளிது. பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர்கள் நம்முடையவை. பிறர் கொடுக்கும் மானியம் வரும்போது அதனோடு ஊரும் ஒரு பிடியை வைத்தால், சங்கம் முதலில் ஊருக்குப் பதில் சொல்லவேண்டியதாகும். மாதத்தில் ஒரு நாள் பொதுநோக்கு மண்டபத்தில் பணக்கணக்கை உரத்து வாசிக்கவேண்டும்: இவ்வளவு வந்தது, இவ்வளவு பஸ் கூலி, இவ்வளவு முச்சக்கரவண்டி, இவ்வளவு அரிசி. யாருக்கு என்று எவரும் கேட்கக்கூடாது. கேட்டால் தலைவி பதில் சொல்லக்கூடாது. பெயர்கள் எழுதிய கொப்பி ஒன்று இருக்கும்; வழக்குக்கு அது தேவைப்படலாம். அதனை அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டும். நிதியத்துக்குப் போகும் அறிக்கையில் அதிலிருந்து ஒரு வரியும் இருக்கக்கூடாது. இந்த நிபந்தனையோடு பணம் தர மறுக்கும் நிதியத்தின் பணத்தை வாங்காமல் விடும் துணிவு ஒரு சிறு சங்கத்துக்கு வருமா என்று கேட்டால், தனியொரு சங்கத்துக்கு வராது என்றே சொல்வோம். மாவட்டத்திலுள்ள சங்கங்கள் எல்லாம் சேர்ந்து சொன்னால் வரும்.

மானியம் ஓராண்டில் முடியும். பதாகை மடித்து வைக்கப்படும்; சம்பளத்துக்கு இருந்த பிள்ளை வேறு வேலைக்குப் போவாள்; அலுவலகமாக எடுத்த அறையின் வாடகை நிற்கும். கொப்பியும் அலுமாரியும் எஞ்சும். அந்த அலுமாரியின் திறப்பை அதன் பிறகு யார் வைத்திருப்பது என்று இதுவரை நாம் பார்த்த எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கவில்லை.